காருக்கும் வேண்டும் ஒரு வில்லங்கச் சான்று

2020 டிசம்பரில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் விற்ற 456 கோனா மின்சாரக் கார்களைப் பேட்டரி சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. 2019 ஏப்ரலுக்கும் 2020 அக்டோபருக்கும் இடையே தயாரானவை அவை. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் பொருத்தி முடிக்கப்பட்டு வெளியே வந்தவை. மேற்குச் சென்னையின் அயனம்பாக்கத்திலிருந்து வானகரம் போய்ப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்தால், நெரிசல் இல்லாத நேரத்தில் அந்த ஆலை வாசல் அப்படியொன்றும் தூரமில்லை. ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி பேருந்துகள் தினமும் போகிற வழிதான் அது.

456 என்பது சிறிய எண். ஆனால், அந்தக் காரின் கதை சிறியதல்ல. பல நாடுகளில் கோனா கார்கள் நின்ற இடத்திலேயே தீப்பிடித்ததால், 2020 அக்டோபரில் ஹூண்டாய் உலகளாவிய ரீகாலை அறிவித்தது. கொடுத்த மருந்து மென்பொருள். பேட்டரியைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பின் நிரலைப் புதுப்பித்து, ஏதாவது மாறுபாடு தெரிந்தால் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும்படி செய்தார்கள். பேட்டரியில் கோளாறு தென்பட்ட வண்டிகளுக்கு மட்டும் பேட்டரி மாற்றம். மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், தென்கொரியாவின் தேகு நகரில் ஒரு கோனா எரிந்தது. அது ஏற்கெனவே ரீகாலில் புதுப்பிக்கப்பட்ட கார். அதற்குப் பிறகுதான், பிப்ரவரியில், ஏறத்தாழ 82 ஆயிரம் வண்டிகளின் பேட்டரியையே மாற்றுவது என்று முடிவானது. செலவு ஒரு லட்சம் கோடி வோன் என்று கணக்கிடப்பட்டது. பேட்டரி செல்லுக்குள் எதிர்முனைத் தகடு மடங்கியிருப்பது காரணமாக இருக்கலாம் என்று கொரியப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது. உள்ளே தகடு மடங்கியிருந்தால், அதை எந்த நிரலும் நிமிர்த்தாது.

மென்பொருளால் பழுதைத் திருத்துவதே தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது பெரிய வரம் என்றே நம்புகிறேன். ஒரு பாகத்தை மாற்றும் ரீகால் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போகிறது. வண்டி அதற்குள் இரண்டு கை மாறியிருக்கிறது. விஷயம் தெரிந்தவரும் சர்வீஸ் சென்டரில் நாள் கேட்டு, வண்டியை விட்டுவிட்டு, ஒரு நாள் வேலையை இழக்க வேண்டும். வானகரம் - அம்பத்தூர் சாலையில் வாடகைக் கார் ஓட்டுபவருக்கு ஒரு நாள் வண்டி நிற்பது என்றால், அந்த மாதத் தவணையில் கை வைப்பது. அதனால் 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று தள்ளிப்போடுகிறார்கள். பாதுகாப்புக் குறையோடு சாலையில் ஓடும் வண்டிகள் இப்படித்தான் சேர்கின்றன. நூறு பேருக்கு நூறு பேரும் ரீகாலுக்கு வந்துவிடுவதில்லை.

இரவில் வீட்டு வாசலில் நிற்கும்போதே திருத்தம் வந்து சேர்ந்துவிட்டால் இந்தத் தடைகள் பெரும்பாலும் விலகிவிடும். இந்தியாவில் மென்பொருள் சார்ந்த ரீகால்கள் ஏற்கெனவே பல நடந்திருக்கின்றன. 2022-இல் கியா நிறுவனம் 44,174 காரன்ஸ் கார்களை ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருளைச் சோதிக்க அழைத்தது. 2023 ஜூனில் 30,297 காரன்ஸ் கார்களில், வண்டியைக் கிளப்பும்போது மீட்டர் பலகை வெறுமையாகிவிடக்கூடும் என்று சொல்லி மீண்டும் அழைத்தது. இரண்டு முறையும் குறை நிரலில். ஆனால் வண்டி டீலரிடம் போக வேண்டியிருந்தது. ஒரே நிரலை ஏற்ற முப்பதாயிரம் வண்டிகள் முப்பதாயிரம் முறை சர்வீஸ் சென்டர் வாசலில் வரிசை பிடிப்பது நேரத்துக்கும் எரிபொருளுக்கும் கேடு. தொலைவிலிருந்து திருத்தும் வசதி பரவுவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பின்னால் நான் கேட்கப்போவது அதைப் பொறுத்தது. இன்றைய காரில் பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், பேட்டரி, கதவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணினி இருக்கிறது. அத்தனையும் கம்பிகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வண்டிக்குள் பதித்த ஒரு சிம், கம்பெனியின் சர்வரோடு தொடர்பில் இருக்கிறது. புதிய நிரல் அங்கிருந்து மின்னணுக் கையொப்பத்தோடு வரும். கையொப்பம் சரியாக இருந்தால் மட்டுமே கார் அதை ஏற்கும். நன்றாக வடிவமைத்த கருவியில் நினைவகம் இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்றில் பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்க, மற்றதில் புதியது எழுதப்படும். எழுதி முடித்துச் சரிபார்த்த பிறகு, வண்டி நிற்கும்போது மாற்றம் நடக்கும். ஏதாவது பிசகினால் பழையதற்கே திரும்பிவிடும். திரையில் வரைபடத்தையும் பாட்டுச் செயலியையும் புதுப்பிப்பது எளிது. பிரேக்கையும் பேட்டரியையும் ஆளும் கணினிகளைத் தொடுவதற்குத்தான் வண்டியை அடிப்படையிலிருந்தே அதற்கென்று வடிவமைத்திருக்க வேண்டும். 2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா அறிமுகப்படுத்திய மின்சாரக் கார்கள் போன்றவை அந்தத் திசையில் வருகின்றன. ஓசூரில் தயாராகும் ஏத்தர், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா ஸ்கூட்டர்களின் உரிமையாளர்களுக்கு இந்த 'அப்டேட்' பழகிப்போன சொல்.

பிசகும் நேர்வதுண்டு. 2023 நவம்பரில் அமெரிக்காவின் ரிவியன் நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்றுகளோடு ஒரு புதுப்பிப்பை அனுப்பிவிட்டது. பெற்ற வண்டிகளில் திரை முடங்கியது. வண்டி ஓடியது, ஆனால் வேகம் காட்டும் பலகையே இல்லாமல்.

என் கவலை பிசகைப் பற்றியதல்ல. சரியாக நடந்து முடிந்துவிடும் திருத்தத்தைப் பற்றியது.

பாகம் மாற்றும் ரீகால் தொந்தரவானது. ஆனால் அது வெளிச்சத்தில் நடக்கிறது. பத்திரிகையில் செய்தி வருகிறது, டீலரிடம் வரிசை நிற்கிறது, வேலைச் சீட்டு எழுதப்படுகிறது, பழைய பாகம் கழற்றி வைக்கப்படுகிறது. ஊருக்கே தெரிகிறது. தொலைவிலிருந்து வரும் திருத்தத்தில் இவை எதுவும் இல்லாமலே போகலாம். 'செயல்திறன் மேம்பாடு, சிறு பிழைகள் நீக்கம்' என்ற ஒரு வரியோடு, பிரேக் சம்பந்தப்பட்ட குறை ஒன்று இரவோடிரவாகச் சரிசெய்யப்பட்டுவிடலாம். சரியாகிவிட்டதே, பிறகென்ன என்று தோன்றும். அந்தக் குறையோடு அதற்கு முந்தைய ஆறு மாதம் வண்டி ஓடியிருக்கிறதே? அந்த ஆறு மாதத்தில் மதுரவாயல் பைபாஸில் அந்த வண்டி ஒருவர் மீது மோதியிருந்தால்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி 2021-லேயே எழுந்தது. இரவில் நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ், போலீஸ் வாகனங்கள் மீது ஆட்டோபைலட்டில் வந்த டெஸ்லா கார்கள் மோதியதைப் பற்றி விசாரணை நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில், செப்டம்பரில், அவசர ஊர்தி விளக்குகளை இனங்காணும் ஒரு புதுப்பிப்பை டெஸ்லா தன் கார்களுக்கு அனுப்பியது, ரீகாலாக அறிவிக்கவில்லை. அக்டோபரில் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கடிதம் எழுதிக் கேட்டது: பாதுகாப்புக் குறையைத் திருத்தும் புதுப்பிப்பு என்றால் ஏன் ரீகாலாகப் பதியவில்லை? திருத்தும் வழி எதுவானாலும், குறை இருந்தது என்பதை அரசிடம் எழுத்தில் தர வேண்டும் என்பதே அவர்கள் நிலை. 2023 டிசம்பரில் ஆட்டோபைலட்டுக்காக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் முறைப்படி ரீகால் செய்யப்பட்டன. திருத்தம் தொலைவிலிருந்தே போனது. பதிவு இருந்ததால்தான், திருத்தம் பெற்ற கார்களும் விபத்தில் சிக்கியதைக் கவனித்து, அந்தத் திருத்தம் போதுமா என்று 2024 ஏப்ரலில் அதே நிர்வாகம் மறுவிசாரணை தொடங்க முடிந்தது. கொரியாவின் கோனாவிலும் நடந்தது இதுதான். முதல் மருந்து பலிக்கவில்லை என்று கண்டுபிடிக்க, முதல் மருந்து கொடுத்த கணக்கு வேண்டியிருந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு புதிதாக வந்தது. வண்டியில் உள்ள குறை சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, உள்ளிருப்பவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ தீங்கு விளைவிக்கும் என்றால், மத்திய அரசு ரீகாலுக்கு உத்தரவிடலாம். நிறுவனம் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது மாற்று வண்டி தர வேண்டும், அல்லது பழுது நீக்க வேண்டும். குறையைத் தானே கண்டுபிடித்து அரசுக்குத் தெரிவித்து ரீகால் செய்யும் நிறுவனத்துக்கு அபராதம் இல்லை. நல்ல சட்டம். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இது பொருந்தும். உரிமையாளர்கள் பதியும் புகார்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் விசாரணை தொடங்கும்; அதிகம் விற்கும் கார்களுக்கு அந்த வரம்பு ஆயிரத்தையும் தாண்டுகிறது.

இந்த ஏற்பாடு பாகங்களின் காலத்துக்கு எழுதப்பட்டது. புகார்கள் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும்போது, முந்நூறாவது புகாரிலேயே நிறுவனம் சத்தமில்லாமல் ஒரு புதுப்பிப்பை அனுப்பிவிட்டால், மேற்கொண்டு புகார் வராது, வரம்பு எட்டப்படாது, விசாரணை நடக்காது. குறை இருந்ததற்கு அரசு ஆவணத்தில் ஒரு வரிகூட இருக்காது. சட்டத்தை மீறாமலே சட்டத்தைச் சுற்றிப் போய்விடலாம். எந்த நிறுவனமும் இப்படிச் செய்தது என்று நான் குற்றம் சாட்டவில்லை. செய்தால் கண்டுபிடிக்க வழியில்லை என்பதே என் புகார்.

இதற்கென்று தரநிலைகள் இல்லாமலில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் 2020-இல் ஏற்கப்பட்ட 155, 156 என்ற இரண்டு ஒழுங்குமுறைகள், முறையே வாகனச் சைபர் பாதுகாப்பையும் மென்பொருள் புதுப்பிப்பையும் பற்றியவை. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அவை கட்டாயம். அவற்றை ஒட்டி இந்தியாவில் ஏஐஎஸ்-189, ஏஐஎஸ்-190 என்ற தரநிலைகள் எழுதப்பட்டுள்ளன. எந்த வண்டியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற கணக்கை நிறுவனம் வைத்திருக்க வேண்டும், புதுப்பிக்கும் முன் பயன்படுத்துபவருக்குச் சொல்ல வேண்டும் என்பவை இந்த முறையின் அடிப்படைகள். ஆனால் கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. கேட்டால் காட்ட வேண்டிய இடம் ஒப்புதல் தரும் அதிகார அமைப்பு. திரையில் ஒரு நிமிடம் வந்து போகும் அறிவிப்பைப் பார்ப்பவர் ஓட்டுநர். உரிமையாளர் வேறு ஊரில் இருக்கலாம். நாளை வாங்கப்போகிறவர் யாரென்றே தெரியாது. அவர்களுக்கும் சாலையில் நடந்து போகிறவருக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டியும் உள்ளே தள்ளியும் மனை வாங்கிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். மனையை அடகு வைத்து மீட்டிருந்தால், மீட்டதும் அதில் இருக்கும். தீர்ந்துபோன கடன்தானே என்று பதிவாளர் அலுவலகம் அதை அழித்துவிடுவதில்லை. காருக்கும் அதுபோல ஒன்று வேண்டும். சேசிஸ் எண்ணைப் போட்டால், இந்த வண்டிக்கு எந்தத் தேதியில் என்ன பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது, எந்தத் தேதியில் எப்படித் திருத்தப்பட்டது, திருத்தம் இன்னும் வரவில்லை என்றால் ஏன் என்பது தெரிய வேண்டும். வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் இணையதளத்தில், நிறுவனங்கள் தாமாக அறிவித்த ரீகால்களைத் தேடும் வசதி இருக்கிறது. அது தொழில் அமைப்பு ஒன்றின் நல்லெண்ணம். அந்த இடத்தில் அரசுப் பதிவு வேண்டும். நாட்டின் பெரும்பாலான ஆர்.சி. விவரம் 'வாகன்' தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் முடியும் தேதி கைப்பேசியில் தெரிகிறது. ரீகால் விவரத்தையும் அதே பக்கத்தில் சேர்ப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டியதில்லை.

இதனால் யாருக்கு என்ன லாபம்? விபத்தில் செத்தவரின் குடும்பத்துக்கு லாபம். விபத்து நடந்த வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தருகிறார். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் சரியா, டயர் எப்படி என்று பார்த்து, 'இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை' என்று எழுதும் அறிக்கைகள் நமக்குப் பழக்கம். அந்த அறிக்கைதான் குற்ற வழக்குக்கும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகிறது. தானாகப் பிரேக் போடும், தானாகத் தடம் பிடிக்கும் கார்கள் இப்போது நடுத்தர விலையிலேயே வருகின்றன. அந்த வண்டியில் விபத்து நேரத்தில் எந்த நிரல் ஓடியது என்று ஆய்வாளர் எதை வைத்துச் சொல்வார்? விபத்துக்கு மறுவாரம் ஒரு புதுப்பிப்பு வந்து ஏறிவிட்டால், அவர் சோதிக்கும் வண்டி விபத்தில் சிக்கிய வண்டியே அல்ல. ஓட்டுநர் 'நான் மிதிக்கவில்லை, வண்டி தானாகப் போனது' என்று சொன்னால் அதை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. பெரும்பாலும் பழி கூலிக்கு ஓட்டும் ஆளின் தலையில் விழும். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

சாலை விபத்துகளைப் பதியும் ஐராட் தரவுத்தளத்தை உருவாக்கியது சென்னை ஐஐடி. விபத்து நடந்த இடத்திலேயே போலீஸ் கைப்பேசியில் விவரம் ஏற்றும் முறை அது. அதில் மென்பொருள் பதிப்புக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். உயிரிழப்பு விபத்தில் சிக்கிய வண்டிக்கு, ஆய்வு முடியும் வரை எந்தப் புதுப்பிப்பும் போகக் கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும். பதிப்புகளைப் பிரித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்றால், ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் சோதனைத் தளங்களோடும் ஆய்வகங்களோடும் இருக்கிறது. மேற்குச் சென்னையின் ஆய்வாளர்களுக்கு அது பக்கம்தான்.

அம்பத்தூர், பாடி வட்டாரம் கார்களுக்குப் பிரேக்கும் சக்கரமும் மோட்டாரும் செய்து வளர்ந்தது. லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று பாடியில் உள்ள ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் நிறையப் பேர். உலோகப் பாகம் ஒன்றில் பழுது வந்தால், எந்தத் தேதியில் எந்த லாட்டில் வார்த்தது என்று அவர்கள் பின்னோக்கித் தேடிப் பிடித்துவிடுவார்கள். அந்த ஒழுங்கு அவர்கள் கையில் ஊறியது. நிரலுக்கும் அதே லாட் எண், அதே கணக்கு, அதே பொறுப்பு வேண்டும் என்று நான் சொன்னால், புதிதாகக் கேட்பதாக அவர்கள் நினைக்க மாட்டார்கள்.

தெருவோர மெக்கானிக்கையும் இந்தப் பதிவிலிருந்து விலக்கக் கூடாது. வாரண்டி முடிந்த பிறகு வண்டியைப் பார்ப்பவர் அவர்தான். ஸ்கேனர் போட்டால் எரர் கோடு வரும். நிரல் பழையதா புதியதா, ரீகால் பாக்கியா என்பது அவருக்குத் தெரியாது. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவு. அங்கே இந்த விவரமும் தமிழில் கிடைக்க வேண்டும்.

ஏழு ஆண்டு வரம்பையும் மாற்ற வேண்டும். நம் ஊரில் கார் பதினைந்து ஆண்டு ஓடுகிறது. அதற்குள் நிறுவனமே வெளியேறிவிடுவதும் உண்டு. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரிலிருந்து கடைசி கார் 2022 ஜூலையில் வெளியேறியது. அந்தக் கார்களுக்கு உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று நிறுவனம் உறுதி சொன்னது. பாகத்தை வேறொருவர் வார்த்துக் கொடுக்கலாம். மின்னணுக் கையொப்பம் வைத்திருக்கும் சர்வரை நிறுவனம் நிறுத்திவிட்டால், திருத்தம் எழுதத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் கார் அதை ஏற்காது. வெளியேறும் நிறுவனம் அந்தக் கையொப்பச் சாவியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டிய நேரம் இது.

நிறுவனங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒவ்வொரு புதுப்பிப்பையும் ரீகால் என்று பதிந்தால் பெயர் கெடும், பங்கு விலை விழும் என்பார்கள். பாட்டுச் செயலியைப் புதுப்பிப்பதை யாரும் பதியச் சொல்லவில்லை. உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் பதியச் சொல்கிறோம். பெயர் கெடுவதும் அப்படி உறுதியல்ல. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த வேனிலில் நாட்டில் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் எரிந்தன. அரசு எச்சரித்த பிறகு, ஏப்ரலில் ஓலா 1,441, ஒகினாவா 3,215, ப்யூர் ஈவி 2,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தன. பேட்டரிகளுக்கான தரநிலை அதே ஆண்டு இறுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மக்கள் மின்சார ஸ்கூட்டர் வாங்குவதை நிறுத்தவில்லை. விற்பனை ஏறத்தான் செய்தது. சொன்னதால் மக்கள் ஓடிப்போகவில்லை.

இருங்காட்டுக்கோட்டையிலேயே இன்னொரு கதையும் நடந்திருக்கிறது. அங்கே பொருத்தப்பட்ட ஐயோனிக் 5 கார்களில் 1,744-ஐ 2024 ஜூனில் ஹூண்டாய் திரும்ப அழைத்தது. பெரிய பேட்டரியிலிருந்து சிறிய 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை. அது செயலிழந்தால் சிறிய பேட்டரி இறங்கிவிடும். வண்டி ஓடும்போதே சக்தி இழக்கக்கூடும். அமெரிக்காவில் இதே கருவிக்காக 2024 மார்ச்சில் 98,878 கார்கள் அழைக்கப்பட்டு, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. நவம்பரில் 1,45,235 கார்கள் மறுபடியும் அழைக்கப்பட்டன. ஏற்கெனவே திருத்தம் பெற்றவையும் அவற்றில் அடக்கம். இங்கே கியா தன் ஈவி6 கார்களை அதே கருவிக்காக 2024 ஜூலையிலும் 2025 பிப்ரவரியிலும் இரண்டு முறை அழைத்தது.

இந்தக் கார்கள் இனிப் பழைய கார்ச் சந்தைக்கு வரும். வாங்கப்போகிறவர் இன்றைக்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான்: சேசிஸ் எண்ணை வாங்கிக்கொண்டு, விற்பவரை நம்பாமல், தானே அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போய், இந்த எண்ணுக்கு ரீகால் பாக்கி உண்டா, எத்தனை முறை திருத்தப்பட்டது, இப்போது ஓடும் பதிப்பு எது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்ல வேண்டும்.